நான்கு வயது மகளும் முதல் திரையரங்கும்

வாசகர் கேள்வி:

ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் வசிக்கிறோம். மகளுக்கு நான்கு வயது மூன்று மாதம். முன்பள்ளிக்குப் போகிறாள். மகனுக்கு ஒன்றரை வயது. வருகிற டிசம்பர் விடுமுறையில், ஒரு சனிக்கிழமை, முன்பள்ளிப் பிள்ளைகளையும் பெற்றோரையும் வேனில் கண்டிக்கு அழைத்துச் சென்று திரையரங்கில் ஓர் ஆங்கிலப் படம் காட்ட ஆசிரியை ஏற்பாடு செய்கிறார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டே எழுந்து ஆடவும், பாடவும், பதில் சொல்லவும் வேண்டிய படமாம். மகள் இதுவரை தியேட்டர் பார்த்ததில்லை. பெரிய சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள். சென்ற மாசியில் ஓர் இரவு, மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடந்தபோது, தப்புப் பறை அடிப்பவர்களுக்குப் பக்கத்தில் நின்று வீறிட்டு அழுதாள். தாத்தா தோளில் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி மேட்டில் போய் நின்றதும், கைதட்டிக்கொண்டு கடைசி வரை பார்த்தாள். “இருட்டுக்குள்ள கொண்டு போயி புள்ளைய பயங்காட்டாதீங்க” என்கிறார் மாமியார். “காசு குடுத்துப் போறது, கடைசி வரைக்கும் இருந்துதான் பாக்கணும், அழுதா பழகிக்கும்” என்கிறார் கணவர். எனக்கு வேறு கவலைகள். மற்றப் பிள்ளைகள் ஆடும்போது இவள் மட்டும் மடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? ஆடலாம் என்று பழகிவிட்டால் பிறகு கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் அடங்கி உட்காருவாளா? சின்னவனையும் கொண்டுபோகலாமா? சத்தத்துக்கு இப்படிப் பயப்படுவது ஏதாவது குறையா?

ஒரு தாய், ஹட்டன்

சிறுவர் உளவியல் ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரி,

அழைத்துச் செல்லுங்கள் என்பதே என் பதில். நான்கு வயதைத் தாண்டி, முன்பள்ளிக்குப் போய்வந்து, இரவில் கூத்தைக் கண்விழித்துக் கடைசி வரை பார்க்கக்கூடிய ஒரு பிள்ளைக்கு இவ்வகைப் படம் ஏற்றதே. ஆனால் வேனில் ஏறுவதற்கு முன்பே நீங்களும் உங்கள் கணவரும் இரண்டு விடயங்களில் ஒருமனப்பட்டிருக்க வேண்டும். மகள் வெளியே போக வேண்டும் என்று கேட்டால், ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளாமல் அப்போதே வெளியே கூட்டிச் செல்ல வேண்டும். அவள் எழுந்து ஆடாவிட்டால், ஆடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. இவ்விரண்டிலும் உடன்பாடு ஏற்படவில்லையென்றால், இம்முறை போகாமல் இருப்பதே நல்லது என்று தயங்காமல் சொல்வேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டவை காமன் கூத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் அந்த இரண்டு வரிகள்தாம். அதே இரவு, அதே தப்பு, அதே கூட்டம். கொஞ்சம் தள்ளிப் போய்த் தாத்தாவின் தோளில் ஏறியதும் அழுகை நின்று கைதட்டல் வந்திருக்கிறது. தள்ளி நின்றதால் சத்தம் குறைந்தது ஒரு காரணம் என்பது உண்மைதான். ஆயினும் கீழே நின்றபோது, பெரியவர்களின் கால்களுக்கிடையில், எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாத நிலையில் அவள் இருந்திருப்பாள். தோளில் ஏறியதும் தப்பையும், அதை அடிப்பவரையும், குச்சி ஓங்கி இறங்குவதையும் கண்ணால் கண்டு, அடுத்த அடி எப்போது விழும் என்று எதிர்பார்க்க அவளால் முடிந்திருக்கும். வேண்டாம் என்று தோன்றினால் முகத்தைத் திருப்பித் தாத்தாவின் கழுத்தில் புதைத்துக்கொள்ளவும் வழி இருந்தது. இந்த வயதுப் பிள்ளைகளைப் பெரும்பாலும் கலங்கடிப்பது, எங்கிருந்து வருகிறது என்று புலப்படாததும் விலகிப் போக முடியாததுமான சத்தமே. முதன்முறையாகத் திரையரங்குக்கு வரும் பிள்ளைக்கு இவ்விரண்டும் அங்கே சேர்ந்தே காத்திருக்கின்றன. ஆகவே நீங்கள் செய்யப்போகும் ஆயத்தங்கள் எல்லாம், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குக் காட்டுவதற்காகவும் விலகிப் போக வழி வைத்திருப்பதற்காகவுமே இருக்க வேண்டும்.

இத்தகைய படங்கள் எவ்வாறு ஆக்கப்படுகின்றன என்பதையும் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. 2012ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஒரு சிறுவர் படத்தில், திரையில் வண்ணத்துப்பூச்சிகள் பறந்தால் பிள்ளைகள் எழுந்து ஆட வேண்டும், ஆமைகள் ஊர்ந்து வந்தால் மீண்டும் அமர வேண்டும் என்று குறிகள் வைத்திருந்தார்கள். வேறு சில படைப்புகளில் பாத்திரமே நேராகத் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அவர்கள் பதில் சொல்வதற்காகச் சில நொடிகள் பேசாமல் நிற்கும். பெரியவர்களுக்கு அலுப்பூட்டும் அந்த இடைவெளி, நான்கு வயதுப் பிள்ளைக்குத் தேவையானது. கேள்வியை உள்வாங்கி, விடையைத் தேடி, வாயைத் திறக்க அவளுக்கு அவ்வளவு நேரம் வேண்டும். உடல் ரீதியாகப் பார்த்தாலும், ஒன்றரை மணி நேரம் கையைக் காலை ஆட்டாமல் ஓர் இருக்கையில் அமர்ந்திருப்பது இந்த வயதுக்கு இயல்பானதன்று. அவ்வப்போது எழுந்து குதிக்க அனுமதி தரும் படம், பேசாமல் அமர்ந்து பார்க்க வேண்டிய படத்தைவிட உங்கள் மகளுக்கு இலகுவாகவே இருக்கும்.

ஆனால் எழுந்து ஆடச் சொல்லும் குறி ஓர் அழைப்பு மட்டுமே. பெற்றோர் பலர் அதை ஒரு பரீட்சையாக மாற்றிவிடுகிறார்கள். பக்கத்துப் பிள்ளை எழுந்து ஆடத் தொடங்கியதும், “எழும்பு, நீயும் ஆடு, எல்லாரும் ஆடுறாங்க பாரு” என்று தோளைத் தட்டுவதும், கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துவதும், ஒரு கையில் தொலைபேசியைப் பிடித்து அதைப் படம் எடுப்பதும் நாம் எங்கும் காணும் காட்சிகள். பிள்ளைக்கு அப்போது படம் மறந்துபோகும். தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவின் முகமே பெரிதாகிவிடும். உங்கள் மகள் புதிய இடத்தில் முதலில் நின்று பார்த்து, பிறகு சேர்ந்துகொள்ளும் இயல்புடையவள் என்று கூத்து இரவே காட்டுகிறது. அத்தகைய பிள்ளைகள் மடியில் ஒட்டிக்கொண்டு பார்க்கும்போதும் படத்தில் பங்கெடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். பெருவிரல் தாளம் போடும், உதடு அசையும், ஆமை வந்ததும் உங்கள் கையை இறுக்கிப் பிடிப்பாள். இவற்றைக் கவனியுங்கள், ஆனால் சுட்டிக்காட்டிப் பேசாதீர்கள். அங்கே ஆடாத ஆட்டத்தை அவள் இரண்டு நாள் கழித்து வீட்டு வாசலில் தம்பியை எதிரே நிறுத்தி ஆடிக்காட்டினால் நான் வியப்படைய மாட்டேன்.

நீங்கள் எழுந்து ஆடுவது வேறு விடயம். வெட்கம் விட்டு நீங்களோ அவளுடைய அப்பாவோ எழுந்து இரண்டு குதி குதித்தால், அவளை அழைக்காமலேயே அழைத்ததாகும். பெரியவர்கள் கைகட்டி அமர்ந்துகொண்டு பிள்ளையை மட்டும் ஆடச் சொல்வது எந்தப் பிள்ளைக்கும் சந்தேகத்தையே உண்டாக்கும்.

படம் ஆங்கிலத்தில் இருப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அது முக்கியம். திரையில் கேட்கும் கேள்வி புரியாமல், மற்ற வரிசைகளில் இருக்கும் நகரத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் உரத்துப் பதில் சொல்லும்போது, நம் பிள்ளைகள் திகைத்துப் போகக்கூடும். எழு, அமர், கைதட்டு என்பவற்றுக்கு மொழி தேவையில்லை, கதைக்குத் தேவை. அதனால் கதைச் சுருக்கத்தை முன்கூட்டியே ஆசிரியையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, போவதற்கு முந்தைய வாரமே வீட்டில் தமிழில் இரண்டு மூன்று முறை சொல்லிவிடுங்கள். படம் ஓடும்போது கேள்வி வந்தால் அவள் காதருகே, “பந்து எங்கே இருக்குன்னு கேக்குறாங்க” என்று மெதுவாகச் சொல்லுங்கள். அவள் தமிழில் பதில் சொல்லட்டும். இது பேசியபடி பார்க்க வேண்டிய படம். யாரும் உங்களை வாயை மூடச் சொல்லப்போவதில்லை. பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்து பேசிப் பேசிக் காட்டும்போது பிள்ளை திரையிலிருந்து கற்றுக்கொள்வது கூடும் என்பது எங்கள் துறையில் நன்கு அறியப்பட்ட ஒன்று.

ஒழுக்கம் கெட்டுவிடுமோ என்ற கவலைக்கு அதிக இடம் தர வேண்டாம். கோயிலில் தீபாராதனையின்போது “அரோகரா” என்று உரக்கச் சொல்லலாம், கிளினிக்கில் ஊசி போடும் அறைக்கு வெளியே அப்படிக் கத்தக்கூடாது என்று உங்கள் மகள் இதற்குள் அறிந்திருப்பாள். இடத்துக்கு ஏற்ற நடத்தையை நான்கு வயதுப் பிள்ளை பழகிக்கொள்ளக்கூடியவளே. ஒரே ஒரு தேவை, அதை முன்னதாக, ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுவது. “இந்தப் படத்தில் ஆடலாம், வேறு படத்துக்குப் போனால் உட்கார்ந்து பார்ப்போம்” என்றால் போதும். ஆடச் சொல்லும் இடங்களில்கூட ஓடுவது, முன் இருக்கையை உதைப்பது, படிகளில் ஏறி இறங்குவது ஆகியவை கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இருட்டில் படிகள் ஆபத்தானவை.

இனிச் சத்தத்துக்கும் இருக்கைக்கும் வருகிறேன். உங்கள் மகளைப் பொறுத்தவரை நாள் நல்லபடி போவதும் போகாததும் பெரும்பாலும் இதில்தான் தங்கியிருக்கிறது. இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் சத்தம் ஏறத்தாழ 60 டெசிபல். திரையரங்கில் உச்சக் கட்டங்களின்போது அது 100 டெசிபலையும் எட்டக்கூடும். தொழிலிடங்களில் பெரியவர்களுக்கென வகுக்கப்பட்ட பாதுகாப்பு அளவுகளில், 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்றும் கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடங்கள். படத்தில் அந்த உச்சம் சில நொடிகளே நீடிக்கும் என்பதால், ஒரு நாள் ஒரு படம் பார்த்ததால் காது கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் காதுக்குக் கேடில்லாத சத்தமும் மனத்தைக் கலைக்கலாம்.

திரைக்குப் பின்னால் மட்டுமன்றிப் பக்கச் சுவர்களிலும் பின் சுவரிலும் ஒலிபெருக்கிகள் இருக்கும். ஆகவே சுவரோரத்து இருக்கைகளும், கடைசி வரிசையும், முதல் சில வரிசைகளும் உங்களுக்கு வேண்டாம். மண்டபத்தின் நடுவில் நடைபாதை இருந்தால், நடுவுக்குச் சற்றுப் பின்னால் அந்த நடைபாதையை ஒட்டிய இருக்கைகளைக் கேளுங்கள். நடைபாதை சுவரோரத்தில் மட்டுமே இருக்கும் மண்டபமாயின், சத்தமா வழியா என்று ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டிவரும். உங்கள் நிலையில் நான் வழியையே தெரிவு செய்து, நடைபாதையோரம் அப்பாவை அமர்த்தி, மகளை அவருக்கு உட்புறமாக வைத்துக்கொள்வேன். எழும்பியதும் தானாக மடங்கிக்கொள்ளும் இருக்கைகளில் இன்னொரு தொல்லை உண்டு. 15 கிலோ அளவு எடையுள்ள பிள்ளை அமர்ந்தால் பலகை முழுமையாகத் தாழாமல், பிள்ளையின் கால்கள் மேலெழும்ப, நடுவில் இறுகிக்கொண்டதுபோல் ஆகிவிடும். படம் தொடங்கும் முன்பே அழுகை வர இதுவே போதும். பலகையின் முன் விளிம்பில் உங்கள் கையை வைத்து அழுத்திப் பிடியுங்கள், அல்லது மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துத் தாய்மார் பிள்ளைக்குக் கம்பளிக் குல்லா போடாமல் கண்டிக்குக்கூடக் கிளம்ப மாட்டார்கள். குளிரூட்டிய மண்டபத்தில் அது நல்லதே. ஆனால் சத்தத்தைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம். காதுக்குள் பஞ்சு திணிப்பதும் வேண்டாம். உள்ளங்கையால் இரு காதுகளையும் இறுக மூடிக்கொள்வது அவளுக்கே தெரிந்த, நல்ல வழி. “சத்தம் கூடினால் இப்படிப் பொத்திக்கொள்ளலாம், அம்மாவும் பொத்துவேன்” என்று சொல்லி, அதை ஒளிக்க வேண்டிய செயலாக அவள் எண்ணாமல் செய்துவிடுங்கள்.

ஒரு வேன் நிறையப் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியைக்கு, தனியாகப் போகும் பெற்றோருக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. அவர் திரையரங்கு முகாமையாளரிடம் முன்கூட்டியே பேசலாம். மேற்கு நாடுகள் சிலவற்றில், சத்தத்துக்கும் இருட்டுக்கும் கூசும் பிள்ளைகளுக்காக விளக்குகளை முழுதாக அணைக்காமலும் ஒலியைக் குறைத்தும் காட்சிகள் நடத்துகிறார்கள். முற்பகல் காட்சியில் பெரும்பாலும் சிறுபிள்ளைகளே இருக்கப்போகிறார்கள் என்றால், ஒலியைச் சற்றுக் குறைக்கவும் ஓரத்து விளக்குகள் இரண்டை எரியவிடவும் கேட்பதில் தவறில்லை. மறுத்தால் மறுக்கட்டும், கேட்காமல் விடக்கூடாது.

ஆசிரியையிடம் கேட்க வேண்டிய மற்றொன்று கதையின் உள்ளடக்கம். சிறுவர் படம் என்றாலே சாந்தமானது என்று நினைத்துவிடுகிறோம். 2014இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வு, பெரும் வசூல் பெற்ற 45 சிறுவர் கார்ட்டூன் படங்களைப் பெரியவர்களுக்கான படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. முக்கியப் பாத்திரங்கள் இறக்கும் வாய்ப்பு சிறுவர் படங்களில்தான் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது. அதிலும் தாயோ தந்தையோ காணாமற்போகும் கதைகள் நிறைய. தாய் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்ய, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் மலையக முன்பள்ளிகளில் இருக்கிறார்கள். உங்கள் வேனிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு அத்தகைய காட்சி வெறும் கதையாக இராது. எழுந்து ஆடும் வகைப் படங்கள் பொதுவாக இலகுவான கதை கொண்டவை; இருந்தாலும் ஆசிரியையோ பெற்றோரில் ஒருவரோ கதையை முன்னரே அறிந்து, அந்த இடத்தில் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் மாமியார் சொல்வதிலும் நியாயம் உண்டு. இந்த வயதில் இருட்டுப் பயம் வருவது இயல்பு. “இதெல்லாம் பொய்தான்” என்று பிள்ளை வாயால் சொல்லும்; ஆனால் திரையில் ஒரு பெரிய முகம் நெருங்கி வந்தால் உடம்பு அதை நம்பாது. இதற்கு அவளுக்குச் சொல்லித் தருவதைவிடக் காட்டித் தருவது பயன்படும். போவதற்கு முந்தைய வாரத்தில் ஓர் இரவு, வீட்டுக் காம்பரா அறையில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி, விளக்கை அணைத்து, பின்னால் டோர்ச் வைத்துக் கையால் முயல், பறவை காட்டுங்கள். பிறகு டோர்ச்சை அவள் கையில் கொடுத்து அவளையே காட்டச் சொல்லுங்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, படம் எங்கே விழுகிறது என்பது அவளுக்கு அப்போது பிடிபடும். மாமியாரையும் அந்த வேட்டிக்கு முன்னால் அமர்த்திவிட்டால் அவருடைய அச்சமும் பாதி குறையும். அந்த விளையாட்டின்போதே ஒரு சைகையையும் பழக்கிவிடுங்கள். அவள் உங்கள் சேலைத் தலைப்பையோ சட்டைக் கையையோ இரண்டு முறை இழுத்தால், ‘வெளியே போவோம்’ என்று பொருள். அழுது கேட்க வேண்டிய தேவை அவளுக்கு இருக்கக்கூடாது.

திரையரங்குக்குப் போனதும் விளக்குகள் எரியும்போதே உள்ளே கூட்டிச் சென்று, பின் சுவரின் உயரத்தில் இருக்கும் சிறிய கண்ணாடி ஜன்னலைக் காட்டுங்கள்; வெளிச்சம் அங்கிருந்துதான் வரும் என்று சொல்லுங்கள். வெளியேறும் கதவையும் அவளே தொட்டுப் பார்க்கட்டும். விளம்பரங்களும் பிற படங்களின் முன்னோட்டங்களும் பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. சத்தமும் அவற்றில்தான் கூடுதல். அந்த நேரத்தைக் கழிப்பறைக்குப் பயன்படுத்திக்கொண்டு, படம் தொடங்கும்போது திரும்பி வாருங்கள். கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம் இருந்தால் அதை அவள் பக்கத்தில் இயக்க வேண்டாம். கைக்குட்டை போதும். முப்பரிமாணக் கண்ணாடி தந்தால், அது அவள் மூக்கில் நிற்காமல் நழுவினாலும் தலைவலிக்கிறது என்று சொன்னாலும் கழற்றிவிடுங்கள்.

உங்கள் கணவருக்கு இரண்டு வார்த்தை. டிக்கட் வாங்கிய நிமிடமே அந்தக் காசு போய்விட்டது, தம்பி; பிள்ளை அழ அழ உள்ளே இருந்தாலும் அது திரும்பி வராது, வெளியே போனாலும் மேலும் ஒரு சதம் போகாது. வெளியே போவது என்றால் வீட்டுக்குப் போவது என்றும் பொருளில்லை, வேன் எப்படியும் எல்லாரையும் ஏற்றிக்கொண்டுதான் புறப்படும். முன்கூடத்தில் வெளிச்சத்தில் பத்து நிமிடம் நின்று, சுவரில் இருக்கும் படங்களைப் பார்த்துவிட்டு, “திரும்பக் கதவுகிட்ட நின்னு பார்ப்போமா?” என்று கேட்டால், பெரும்பாலான பிள்ளைகள் தலையாட்டுவார்கள். தாத்தா தோளில் தூக்கிக்கொண்டு மேட்டில் நின்றாரே, அதையே நீங்கள் கதவருகே நின்று செய்யலாம். ‘அழுதால் பழகிக்கொள்ளும்’ என்பது சத்தப் பயத்தில் சரிவருவதில்லை. பிடித்து வைக்கப்பட்ட பிள்ளை பழகுவதற்குப் பதிலாக அடுத்த முறை கதவு வாசலிலேயே அழத் தொடங்கும். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று அறிந்த பிள்ளைதான் நீண்ட நேரம் இருக்கும்.

பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்கு இறங்கும் வளைவுகளில், இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கே வாந்தி அதிகம் வரும். காலையில் எண்ணெய்ப் பலகாரம் தவிர்த்து இலேசாக ஏதாவது கொடுங்கள். முன்புறம் பார்த்தபடி, வெளியே தூரத்தைப் பார்க்கும்படி அமர்த்துங்கள். வேனில் தொலைபேசியில் படம் காட்டவே வேண்டாம். மயக்கம் தரும் மருந்துப் பாணிகளை வைத்தியரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கண்டியில் இறங்கி நேராகத் திரையரங்குக்குள் ஓடாமல், முக்கால் மணி நேரமாவது நடந்து, தண்ணீர் குடித்து, தேறி உள்ளே போகும்படி ஆசிரியை நேரத்தை வகுத்தால் நல்லது. டிசம்பர் மாதத்து மழையும் மூடுபனியும் உங்களுக்குத் தெரிந்தவை. முற்பகல் காட்சியாக இருந்தால் வெளிச்சத்திலேயே மேலேறிவிடலாம்.

உள்ளே தின்னக் கொடுப்பதில் ஒரு கண்டிப்பு வேண்டும். பொப்கோர்ன் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஆகாது. கச்சான், கடலை போன்றவற்றை ஐந்து வயது வரை முழுதாகக் கொடுக்கக்கூடாது. மூச்சுக்குழாயில் சிக்கும் அபாயம் உண்டு. உங்கள் மகள் நான்கைத் தாண்டிவிட்டாள் என்றாலும், இருட்டில், வாயில் உணவோடு எழுந்து குதிக்கப்போகிற பிள்ளை அவள். வாழைப்பழமோ மெதுவான பணிஸோ கொண்டுபோய், அவள் அமர்ந்திருக்கும்போது மட்டும் கொடுங்கள்.

சின்னவன் மாமியாரிடமே இருக்கட்டும். ஒன்றரை வயதில் இந்தப் படத்தில் அவனுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. சத்தமும் அசதியும் மட்டுமே மிஞ்சும். மேலும் அவனைச் சமாளிப்பதில் நீங்கள் ஈடுபட்டால், மகளுக்கு வேண்டிய மடி போய்விடும். மகளைப் பொறுத்தவரை, மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் அமர்ந்தபடி திரை பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியிருப்பது அன்றாடப் பழக்கத்தைக் கருதியே. எப்போதோ ஒரு நாள் படம் பார்ப்பதை எண்ணி மனம் சஞ்சலப்பட வேண்டாம். அன்று வீட்டில் தொலைக்காட்சியை மட்டும் நிறுத்திவிட்டு, நேரத்தோடு தூங்க வையுங்கள். இந்த வயதுக்கு ஒரு நாளைக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேர உறக்கம் வேண்டும். படத்துக்குப் பின் இரண்டொரு இரவு விழித்து அழுதால் பக்கத்தில் படுத்துக்கொண்டு, பகலில் அந்தக் காட்சியைக் கரித்துண்டால் வரையச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியாக, இது ஏதாவது குறையா என்ற கேள்வி. பெரிய சத்தத்துக்குக் காதைப் பொத்துவது மட்டும் ஒரு குறையின் அடையாளம் ஆகாது. முன்பள்ளி வயதில் பல பிள்ளைகளிடம் காணப்பட்டு, வளர வளரத் தணிவது அது. அத்தோடு வேறு சிலவும் சேர்ந்திருந்தால் மட்டுமே பரிசோதனை தேவை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, முழு வாக்கியமாகப் பேசாமை, மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து பாவனை விளையாட்டு ஆடாமை, மென்மையான சத்தங்களுக்கும் அலறுதல், அடிக்கடி காதுவலியோ சீழோ வருதல், பேசுவது கேட்காததுபோல் மீண்டும் மீண்டும் கேட்டல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், கிளினிக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உங்கள் தோட்டத்துக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அவர் வழியாகச் சுகாதார வைத்திய அதிகாரியைச் சந்தித்து, தேவைப்பட்டால் பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்குக் கடிதம் பெற்றுக்கொள்ளலாம். கடிதத்தில் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவசரம் எதுவும் தெரியவில்லை. இதற்காக டிசம்பர் பயணத்தைத் தள்ளிப்போடத் தேவையில்லை.